மூன்றாம் தடவை கூப்பிடாத கிராணி

கந்தசாமி கிராணிக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. சாமியிலும் கிடையாது. தாப்பாவில் சீனியர் கேம்பிரிட்ஜ் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டையும் ஒரே நாளில் விட்டுவிட்டதாகச் சொல்வார். ஆனால் ராகு காலத்தில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார். காரணம் கேட்டால், அந்த நேரத்தில் பேனா சரியாக எழுதுவதில்லை என்பார். மலேசியாவில் ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியாக இருபத்தாறு வருஷத்தை இப்படித்தான் ஓட்டினார். இதற்காக யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. தோட்டத்தில் ஒருவராவது பேயை நம்பாமல் இருப்பது மற்றவர்களுக்கும் ஒரு தைரியம்தானே.

அவர் நம்பிய ஒரே பொருள் பட்டியல்.

காலை ஐந்தே முக்காலுக்கு ஆட்கள் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிடும் இடம் அது. அந்த நேரத்தில் மூட்டம் மலையிலிருந்து இறங்கிக் களத்தை நிறைத்திருக்கும். பக்கத்தில் நிற்பவளின் கூடை தெரியும், முகம் தெரியாது. கிராணி ஆபீஸ் வாசல் விளக்கின் கீழே நின்று பேர் படிப்பார். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல், "இருக்கேங்க" என்று வரும். அந்தக் குரலுக்கு நேரே ஒரு கோடு போடுவார். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை. அதற்கும் வராவிட்டால் மூன்றாம் தடவை. மூன்றுக்கும் சத்தம் இல்லையென்றால்தான் சுழி. அவசரப்பட்டு இரண்டாம் தடவையிலேயே யாருக்கும் சுழி போட்டவர் இல்லை. இப்படியே பழகியதில் அவருக்குத் தோட்டத்து ஆட்களை முகத்தைவிடக் குரலால்தான் அதிகம் தெரியும். பிரிஞ்சாங் சந்தையில் யாராவது எதிரே வந்து சிரித்தால் திருதிருவென்று விழிப்பார். அவர்கள் வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசிய பிறகுதான், "அட, நீயா" என்பார்.

கடற்கரைப் பயணத்தை முதலில் கேட்டவள் நவமணி. எழுபத்தேழாம் வருஷம். லோரி ஓட்டும் தங்கையாவின் மனைவி. கொழுந்து எடுக்கும் செடி வரிசைகளில் ஏழாம் நிரை அவளுடையது. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்திலேயே கல்யாணமாகி, மலையை விட்டுத் தாப்பா வரைக்கும்தான் இறங்கியிருக்கிறாள். வெயில் காலத்திலேயே இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்குகிற உடம்பு.

"ஐயா, கடக்கரையில மணலு வெறுங்கால்ல சுடுமாமே. நெசமா?" என்று ஒரு நாள் ஆபீஸ் ஜன்னலில் வந்து கேட்டாள்.

"சுடும்."

"கால் பொத்துப் போயிருமா?"

"செருப்புப் போட்டுக்கலாம்."

"செருப்புப் போட்டுக்கிட்டு நிக்க எதுக்குங்க அம்புட்டுத் தூரம்? இங்கயே நிக்கலாமே." கொஞ்சம் யோசித்தாள். "ஒரு ஞாயித்துக்கிழமை போயிட்டு வருவமா, எல்லாரும்?"

கிராணி பட்டியல் போட்டார். நிரை வரிசையில் முப்பத்தொரு பேர். அந்த வருஷம் மழையில் ரோடு சரிந்துவிட்டது. அடுத்த வருஷம் மறுபடியும் பட்டியல். கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் துரைக்கு வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், லோரி கிடைக்கவில்லை. எழுபத்தொன்பதில் மழையும் இல்லை, விருந்தாளியும் இல்லை. துரை லீவில் போயிருந்தார். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து இல்லை. வாயால் சரி என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். வாயால் சொன்னதை எந்த பைலில் வைப்பது என்று கிராணி கேட்டார். பயணம் நின்றது. அந்த வருஷம் செப்டம்பரில் நெஞ்சுச் சளிக் காய்ச்சல் வந்து நவமணி செத்துப்போனாள். தோட்டத்து மேட்டில், வருஷம் முழுக்க வெயில் படாத பக்கத்தில், அவளைப் புதைத்தார்கள்.

எண்பதாம் வருஷம் மார்ச்சில் யாரும் கேட்காமலேயே கந்தசாமி கிராணி பயணத்தை எடுத்தார். துரையின் கையெழுத்தை ஒரு மாதம் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொண்டார். எந்தக் கடற்கரை என்பதுதான் பாக்கி. ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஷம்சுதீனிடம் போய்க் கேட்டார். கடைக்குப் பேராக் பக்கத்தில் கம்போங் என்கிற மலாய்க் கடலோரக் கிராமத்திலிருந்து கருவாடு வரும். அதனால் கடல் விஷயத்தில் அவர் சொல்தான் மலையில் கடைசி வார்த்தை.

"லூமூட் பக்கம் போனா கூட்டம் கிராணி. பஸ் பஸ்ஸா வரான். அதுக்கு வடக்கால ஒண்ணு இருக்கு," என்று ஷம்சுதீன் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு இழுத்தார். "செம்மண் ரோடு முடியும். தென்னந்தோப்பு. தாண்டுனா கடலு. கடை கிடையாது, கொழாய் கிடையாது, மனுசன் கிடையாது. தண்ணி நீங்கதான் கொண்டு போவணும். மத்தியானத்துக்கு மேல தண்ணி ஏறும், பாத்துக்குங்க."

"மனுசன் ஏன் இல்ல பாய்?"

"மனுசன் எதுக்கு வருவான், கடையே இல்லாத எடத்துக்கு?" என்றார் ஷம்சுதீன். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "கம்போங் ஆளுங்க அங்க வலை போட மாட்டான். கேட்டா சிரிக்கிறான். நல்ல எடம்தான்லா, போங்க," என்றார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஐந்து மணிக்கு, பெரட்டுக் களத்தில் பயணப் பட்டியலைப் படித்தார்கள். வருகிறவர்கள் வருகிறோம் என்று உறுதி சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே மூட்டம் இறங்கிவிட்டது. கிராணி வழக்கம்போல விளக்கின் கீழே நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது இராசம்மா, தோட்டத்திலேயே வாய் நீளமானவள். "இருக்கேங்க, ஒரு சீட்டு சன்னலோரமா," என்றாள். லோரிக்கு ஏது ஜன்னல் என்று யாரோ சிரித்தார்கள்.

"நவமணி," என்று கிராணி படித்தார்.

படித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. போன வருஷத்துப் பட்டியலைப் பார்த்து எழுதியது. ஈப்போவுக்குப் போய்விட்ட இரண்டு பேரை எடுத்திருந்தார், புதிதாக வந்த இரண்டு பேரைச் சேர்த்திருந்தார். ஏழாம் வரியை மட்டும் கை தானாகவே எழுதிவிட்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"இருக்கேங்க," என்றது மூட்டம்.

பதில் சொன்ன விதத்தில் புதுமை ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷமாக அந்த இடத்திலிருந்து, அந்த அளவில், கடைசி எழுத்தைக் கொஞ்சம் விழுங்கி வரும் குரல்தான். அதனால்தான் ஒருவருக்கும் மூச்சு வரவில்லை.

"யாருடி அது வெளையாடுறது?" என்றாள் இராசம்மா. அவள் குரலில் வழக்கமான பலம் இல்லை.

கிராணி விசாரணை வைத்தார். பெண்கள் ஒவ்வொருவரையும் விளக்கடிக்குக் கூப்பிட்டு, "இருக்கேங்க" என்று சொல்லச் சொன்னார். இருபது பேர் சொன்னார்கள். எட்டாம் நிரைக்காரி தாமரை அழுதுகொண்டே சொன்னாள். எதுவும் ஒத்துவரவில்லை. குரல் விஷயத்தில் அவர் ஏமாறுகிற ஆள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூட்டத்தில் சத்தம் மலையில் பட்டுத் திரும்பும், முன்னால் சொன்னது பின்னால் கேட்கும் என்று விஞ்ஞானம் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆறு மாதம் முன்னால் சொன்னதுகூடவா திரும்பும் என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதை.

அன்று ராத்திரியே புதுத் தாளில் வேறு பட்டியல் எழுதினார். முப்பது பேர். சனிக்கிழமை காலைப் பெரட்டு முடிந்ததும் அதைப் படித்தார். இராசம்மாவுக்கு அடுத்தது தாமரை. ஏழு என்ற எண்ணுக்கே இடம் இல்லாதபடி எண் போடாமல் எழுதியிருந்தார். முப்பது பேர், முப்பது பதில். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சனியன் ஒழிந்தது என்று ஆட்கள் கூடையை முதுகில் ஏற்றினார்கள்.

"என் பேரக் கூப்புடலீங்களே," என்று நிறுவைக் கொட்டகைப் பக்கமிருந்து கேட்டது.

கோபமில்லை. பேர் விட்டுப்போனால் எந்த ஆளும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் தயங்கி, இது கிராணியின் தப்பாக இருக்காது, தன் தப்பாகத்தான் இருக்கும் என்பது போலக் கேட்டது. நவமணி எப்போதும் அப்படித்தான் கேட்பாள். கிராணி தாளைத் திரும்ப எடுத்தார், பார்த்தார், வைத்தார். "எல்லாரும் வேலையப் பாருங்க," என்றார்.

மத்தியானம் லோரிக் கொட்டகையில் தங்கையா டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கிராணி வந்து நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை.

"அவ பேரை எடுத்துட்டீங்கபோல."

"செத்தவங்க பேரை வச்சுக்கிட்டு நான் என்னய்யா செய்ய?"

"எடுத்தா மட்டும் சும்மா இருந்தாளா."

கிராணி மட்கார்டில் சாய்ந்தார். "நீயும் கேட்டியா?"

"பதினெட்டு வருசம் ஒரே வீட்டுல கேட்ட குரலுங்க."

"பயமா இல்ல?"

"உசுரோட இருந்தப்பவே பயந்து முடிச்சாச்சு. இனி என்னத்துக்கு." தங்கையா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். "ஐயா, மேட்டுல தோண்டுனப்போ கீழ தண்ணி ஊறுச்சு. ஐஸு மாதிரி. அதுலதான் எறக்குனோம். குளிருக்கு அழுவுற பொம்பளைய. இப்ப அவளே வாரேங்குறா. கூட்டிட்டுப் போயி அங்க விட்டுட்டு வந்துருவோம். சூட்டுல கெடக்கட்டும்."

கிராணி சட்டைப்பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு," என்றான் தங்கையா. "போவும்போது கூப்புடுங்க. திரும்பி வரும்போது கூப்புட்றாதீங்க. நான் கூப்புட்டா வரமாட்டா, எந்தக் காலத்துலயும் வந்ததில்ல. நீங்க பட்டியலைத் தூக்குனா வந்துருவா. பெரட்டுக்கு வராம ஒரு நாள் இருந்ததில்ல அவ. மறுபடியும் அந்தத் தண்ணிக்குள்ளதான் வந்து படுக்கணும்."

இதில் கந்தசாமி கிராணிக்கு இருந்த சங்கடத்தைத் தங்கையாவால் புரிந்துகொண்டிருக்க முடியாது. பேயை நம்பாதவர் அந்தப் பேரைக் கூப்பிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கூப்பிடாமல் விட்டால்தான் நம்பியவர் ஆகிவிடுவார். அதற்கும் மேலே இன்னொன்று. பயணப் பட்டியலில் போக ஒரு பத்தி, வர ஒரு பத்தி என்று அவர்தான் தோட்டத்தில் ஏற்படுத்தி வைத்தவர். போன பேரெல்லாம் வந்தாக வேண்டும். ஆளைக் கணக்குத் தப்பவிட்டு வருவது அவர் அகராதியில் கொலைக்குக் கொஞ்சம்தான் கீழே. எழுபத்தொன்பதில் ஒரு கையெழுத்துக்காகக் கடலையே தள்ளி வைத்தவர் இப்போது ஒரு பேரை அங்கே விட்டுவர வேண்டும்.

"சரி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் லோரி களத்தில் நின்றது. சட்டி, அரிசி, தண்ணி டின், சுருட்டின பாய் எல்லாம் ஏறியாயிற்று. கிராணி வெள்ளிக்கிழமை படித்த பட்டியலையே எடுத்து வந்திருந்தார், முப்பத்தொரு பேர். ஏழாவதைப் படிக்கும்போது குரல் அவருக்கே கேட்கவில்லை. பதில் மட்டும் நன்றாகக் கேட்டது. லோரியின் பின்கதவுப் பக்கம், தரையிலிருந்து அல்ல, மேலே இருந்து. முந்தி ஏறிவிட்டாள். கிராணி போகிற பத்தியில் கோடு போட்டார். லோரிக்குள் முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்; இராசம்மாவுக்கும் தாமரைக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை யாரும் நெருக்கவில்லை. தாப்பா வரைக்கும் வளைவுக்கு வளைவு எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்த இடத்தில் யாரும் விழவில்லை.

ஷம்சுதீனின் கோடு பொய் சொல்லவில்லை. செம்மண் ரோடு முடிந்தது, தோப்பு முடிந்தது, கடல் வந்தது. ஆள் கிடையாது, படகு கிடையாது, வலை காயப் போட்ட கம்புகூடக் கிடையாது. மூட்டத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் உடம்பிலிருந்து துணியை உருவியது போல இருந்தது. எவ்வளவு தூரம் பார்த்தாலும் பார்வை எதிலும் போய் முட்டவில்லை. பெண்கள் மணலில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகு பார்த்தால் நிரை வரிசை. ஒன்று முதல் ஆறு வரை, ஒரு வெறும் இடம், பிறகு எட்டு. இடத்துக்குப் பஞ்சமே இல்லாத கடற்கரையில் மரத்து நிழல் மட்டும் குறைவு. நிழல் விழுந்த அந்த வெறும் இடத்துக்கு யாரும் நகரவில்லை.

பிறகு சோறு ஆக்கினார்கள், நனைந்தார்கள், உப்பு என்று துப்பினார்கள், சிரித்தார்கள். பத்து மணிக்கு மேல் மணல் சுட்டது. தாமரை கால் மாற்றிக் கால் வைத்துக் குதித்தாள். "ஏழாம் நிரைக்காரிக்குத்தான் இந்தக் கொதி புடிக்கும்," என்று இராசம்மா சாதாரணமாகச் சொன்னாள். ஊரில் இருக்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். யாரும் அவளை அதட்டவில்லை. மத்தியானத்துக்கு மேல் திரும்பிப் பார்த்தபோது நிழலில் அந்த வெறும் இடம் இல்லை. அங்கே தாமரை காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கியது. தங்கையா எஞ்சினைக் கிளப்பாமல் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தான். கிராணி தோப்பு ஓரத்தில் நின்று பட்டியலை விரித்தார். ஏழாம் வரியைத் தாண்ட வேண்டும் என்பதற்காகப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. ஆறுக்கு இராசம்மா, "இருக்கேங்க" என்றாள்.

"நவமணி," என்றார் கிராணி.

வட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். பதினெட்டு வருஷம் ஆறுக்குப் பிறகு ஏழு சொன்ன வாய். கண்ணைக் கேட்டுக்கொண்டு அது பேசுவதில்லை. லோரியில் தங்கையாவின் தலை ஸ்டியரிங்கில் கவிழ்ந்தது.

பதில் இல்லை. அலை வந்தது, போனது.

பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே வாய்க்குத் தெரியும். யாரும் தடுக்குமுன் இரண்டாம் தடவையும் கூப்பிட்டுவிட்டது. "நவமணி."

தண்ணீர் விளிம்பில், ஆள் நிற்க முடியாத தூரத்தில், காற்றோடு ஒன்று கேட்டது.

"வரணுங்களா?"

முப்பது பேரும் கேட்டார்கள். கேட்டதைப் பற்றிப் பின்னாலும் ஒருவருக்கொருவர் மாற்றிச் சொன்னதில்லை. ஓடி வருகிற குரல் இல்லை அது. சுகமாக உட்கார்ந்திருப்பவள், கூப்பிட்டால் எழுந்துதான் ஆக வேண்டும் என்று தெரிந்து, எழுவதற்கு முன் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிற குரல்.

கந்தசாமி கிராணியின் வாய் மூன்றாம் தடவைக்குத் திறந்தது. திறந்தபடியே நின்றது. இராசம்மா தன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அலை அவர் செருப்பு வரை வந்துவிட்டுத் திரும்பியது.

"தாமரை," என்றார்.

"இருக்கேங்க."

மீதியை முடித்தார். முப்பது பேர். எல்லாரும் ஏறும்வரை கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தாப்பா தாண்டி லோரி மலையேறத் தொடங்கியதும் தங்கையா முதல் தடவையாகப் பேசினான்.

"ரெண்டு தடவ கூப்புட்டுட்டீங்களே ஐயா."

"ஆமாய்யா."

"பாதி உசுரு போயிருச்சு எனக்கு."

"மீதியை வச்சு வண்டிய ஓட்டு," என்றார் கிராணி.

அந்தப் பட்டியலை அவர் ஆபீஸில் கொடுக்கவில்லை. ஏழாம் வரியில் போகிற பத்தியில் கோடு; வருகிற பத்தியில் கோடு போட ஆள் வரவில்லை, சுழி போட மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. முறைப்படி பார்த்தால் நவமணி வந்தவளும் இல்லை, வராதவளும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் தோட்டத்தில் குறி கிடையாது. துரை இரண்டு தடவை கேட்டார். தேடிக்கொண்டிருப்பதாகக் கிராணி சொன்னார். அவர் சொன்ன பொய்யாகத் தோட்டத்தில் தெரிந்தது அது ஒன்றுதான்.

தங்கையா அதற்குப் பிறகு மேட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். அங்கே யாரும் இல்லை என்பான்.

எண்பத்து நாலில் கோலா தெர்லாவிலிருந்து ஒரு குடும்பம் வேலைக்கு வந்தது. மூத்த பெண்ணின் பேர் நவமணி. இருபது வயது, சளசளவென்று பேசும். அவளுக்குக் கொடுத்தது இருபத்திரண்டாம் நிரை. முதல் நாள் பெரட்டில் அந்த இடம் வந்ததும் கிராணி நிறுத்தினார். பிறகு பேரைப் படிக்காமல் பென்சிலால் பட்டியல் அட்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். களத்தில் பழைய ஆட்கள் அசையாமல் நின்றார்கள். இராசம்மா அந்தப் பெண்ணின் முழங்கையை இடித்து, "உன்னத்தான்டி, சொல்லு," என்றாள்.

"இருக்கேங்க," என்றாள் புதியவள்.

கிராணி உடனே கோடு போடவில்லை. தலையைச் சாய்த்து மூட்டத்துக்குள் கொஞ்ச நேரம் காது கொடுத்தார். வேறு யாரும் பதில் சொல்லவில்லை என்று உறுதியான பிறகுதான் பென்சில் இறங்கியது. எண்பத்தாறில் வேலையை விட்டுத் தாப்பாவுக்கு இறங்கும் வரையில் தினமும் இதுதான் நடந்தது. அந்தப் பேர் நாக்கில் சரியாக வருவதில்லை என்று காரணம் சொன்னார். பேயை நம்புகிறாரா என்று யாராவது கேட்டால், இல்லை என்றே கடைசிவரை சொன்னார்.